விழித்த கண்ணும் வெறும் வயிறும்

தேர்வுக் காலம் அணுகிவிட்டால் நம் சமுதாயத்தில் ஒரு பரபரப்புத் தோன்றுவதை யாவரும் அறிவர். ஆலயங்களில் சிறப்பு அருச்சனை. மண்டபங்களில் தன்முனைப்பு முகாம். கடைவீதித் தூண்களில் டியூஷன் விளம்பரம். மருந்துக் கடைகளில் நினைவாற்றலைப் பெருக்கும் என்று சொல்லி விற்கப்படும் புட்டிகள். வீடுகளில் நள்ளிரவு கடந்தும் அணையாத விளக்கு. இவ்வளவும் ஒரு பிள்ளைக்காகவே நடக்கின்றன. ஆனால், "நேற்றிரவு எத்தனை மணிக்கு உறங்கினாய்? இன்று காலையில் என்ன உண்டாய்? எதை எண்ணி அஞ்சுகிறாய்?" என்னும் மூன்று வினாக்களை அந்தப் பிள்ளையிடம் கேட்பவர் எத்தனை பேர்?

மிகச் சிலரே. அதனால்தான் இக்கட்டுரையை எழுத நேர்ந்தது.

தேர்வுக்கு ஆயத்தம் செய்தல் என்பதை நாம் பிள்ளையை விரட்டுதல் என்று பொருள் கொண்டுவிட்டோம். விரட்டுவது ஆயத்தம் ஆகாது. உறங்கிய கண்ணும், உண்ட வயிறும், அச்சம் நீங்கிய நெஞ்சும், ஆண்டு முழுவதும் பழகிய கையுமே தேர்வு மண்டபத்தில் எழுதுகின்றன. இவற்றை அமைத்துத் தருவது பெரியோர் கடன். அக்கடனை ஆற்றாமல், தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் முகாம் நடத்திக் கைகழுவுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் செயலாகும். இதுவே என் வாதம்.

தேர்வு தெய்வமான வரலாறு

நான் தேர்வுக்குப் பகைவன் அல்லன். பேராக் மாநிலத்துத் தமிழர் வரலாற்றை அறிந்த எவரும் தேர்வை இகழ முடியாது. ஈப்போவை அடுத்த லகாட்டைச் சுற்றி ஒரு பக்கம் ஈயச் சுரங்கங்கள். மறுபக்கம் இரப்பர்த் தோட்டங்கள். பால்மரமும் ஈய மணலுமே நம் முன்னோர்க்குச் சோறு போட்டன. 1985ஆம் ஆண்டில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஈயம் தோண்டிய பள்ளங்கள் இன்று குளங்களாகக் கிடக்கின்றன. தோட்டங்களும் துண்டாடப்பட்டன, செம்பனையாயின, வீடமைப்பு நிலங்களாயின. லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தன. பள்ளிகளும் குறைந்தன. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530.

நிலமும் இல்லை, முதலும் இல்லை, செல்வாக்கும் இல்லை என்ற நிலையில் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்குத் திறந்திருந்த கதவு தேர்வு ஒன்றே. முதலில் ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வு. 1988 முதல் யூ.பி.எஸ்.ஆர்.; பின்னர் இடைநிலைப்பள்ளித் தேர்வுகள். தொடக்கப்பள்ளித் தேர்வில் மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத தமிழ்ப்பள்ளி மாணவன் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்த பின்னரே படிவம் ஒன்றுக்குச் செல்ல முடிந்தது. இத்தகைய கதவின் முன் நின்ற சமுதாயம் தேர்வைப் பெரிதாக எண்ணியதில் வியப்பில்லை. குற்றமும் இல்லை.

கதவைத் தெய்வமாக்கிக்கொண்டதே குற்றம். ஏழு பாடத்திலும் 'ஏ' பெற்ற பிள்ளைக்கு மாலை; ஆறு பெற்ற பிள்ளைக்கு ஆறுதல்; மூன்று பெற்ற பிள்ளைக்கு மௌனம் என்று சடங்கு வகுத்தோம். 2016இல் தாள்கள் எட்டாயின. நம் ஆசையும் எட்டாயிற்று. பன்னிரண்டு வயதில் ஒரு குழந்தையின் முழு மதிப்பையும் ஓர் எழுத்தால் அளந்தோம்.

அந்த ஆசை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2014ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் யூ.பி.எஸ்.ஆர். வினாத்தாள்கள் முன்கூட்டியே கசிந்தன. அறிவியல், ஆங்கிலத் தாள்களை நாடு முழுவதும் மாணவர்கள் செப்டம்பர் 30ஆம் நாள் மீண்டும் எழுத நேர்ந்தது. வினாத்தாளைக் கசியவிட்டது குழந்தைகளா? கைப்பேசி வழியாகப் பரப்பியது குழந்தைகளா? தேர்வு முடிந்தது என்று புத்தகத்தை மூடிய பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பெரியவர்கள் செய்த பிழைக்காக மீண்டும் நாற்காலியில் அமர்ந்தது. தேர்வைக் கண்டு நடுங்கியவர் மாணவர் அல்லர். பெரியோரே என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தேர்வு போயிற்று, காய்ச்சல் போகவில்லை

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாக யூ.பி.எஸ்.ஆர். நடைபெறவில்லை. 2021 ஏப்ரல் 28ஆம் நாள் அத்தேர்வு அறவே நீக்கப்பட்டதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. அடுத்த ஆண்டில் படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வும் நீங்கியது. இனிப் பிள்ளைகள் அச்சமின்றிப் படிப்பர் என்று சிலர் மகிழ்ந்தனர். இனிப் பிள்ளைகள் படிக்கவே மாட்டார்கள் என்று பலர் வருந்தினர். இரு சாராரும் ஒரு செய்தியை மறந்தனர். 2020இல் ஆறாம் ஆண்டில் இருந்த பிள்ளைகள் யூ.பி.எஸ்.ஆரும் எழுதவில்லை, பி.டி.3 தேர்வும் எழுதவில்லை. அவர்கள் வாழ்வில் கண்ட முதல் அரசாங்கப் பொதுத் தேர்வே எஸ்.பி.எம். ஆயிற்று.

நீந்தப் பழகாதவனை நேரே ஆழ்கடலில் இறக்குவதற்கு ஒப்பானது இது. முன்பு இரு தேர்வுகளில் பகிர்ந்திருந்த பாரம் முழுவதும் பதினேழாம் வயதில் ஒரே தோளில் இறங்குகிறது. தேர்வு மண்டபத்தின் அமைதி, கடிகாரத்தின் ஓட்டம், இரண்டு மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து எழுதும் கையின் வலி ஆகிய யாவும் அப்பிள்ளைக்குப் புதியவை. எனவே உடலையும் மனத்தையும் ஆயத்தம் செய்யும் பணி முன்னினும் இன்று மிகுதி. தேர்வுமுறைகள் வரும், போகும், சட்டங்கள் மாறும். பிள்ளையின் உடலும் மனமும் மாறா விதிகளுக்கு உட்பட்டவை. அவ்விதிகளைக் கற்றுக்கொள்ளாமல் தேர்வுமுறையை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

உறக்கத்தைத் திருடாதீர்

முதல் விதி உறக்கம். "தூங்கினால் எப்படித் தேறுவாய்?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே மிகப் பலர். உண்மையில், தூங்காவிடில் எப்படித் தேறுவாய் என்றே கேட்க வேண்டும்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்க்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது. நம் வட்டாரத்து இடைநிலைப்பள்ளி மாணவன் ஒருவனின் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். டியூஷன் முடிந்து வீடு திரும்ப இரவு ஒன்பதரை. உண்டு, குளித்து, வீட்டுப்பாடம் முடித்துப் படுக்க நள்ளிரவு பன்னிரண்டரை. பள்ளி வேனைப் பிடிக்க எழுவது விடியற்காலை ஐந்து. ஆக உறக்கம் நாலரை மணி. எட்டு மணி என்னும் குறைந்த அளவோடு ஒப்பிட்டாலும் நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரக் கடன். பள்ளி நாள் ஐந்தில் பதினேழரை மணி. அதாவது ஒவ்வொரு வாரமும் இரண்டு முழு இரவுகளுக்கு மேல் அப்பிள்ளை கடன்படுகிறான். கடன்பட்ட மூளையைக் கொண்டு கணக்குப் போடச் சொல்கிறோம்.

உறங்கும் நேரம் வீணாகும் நேரம் என்பது அறியாமை. 1924ஆம் ஆண்டிலேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் உளவியலார் இருவர் மாணவர்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தபின் உறங்கியவர், அதே அளவு நேரம் விழித்திருந்தவரைவிட மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். அதன்பின் வந்த ஆய்வுகள் பல, பகலில் கற்றதை மூளை உறக்கத்தில்தான் ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்துகிறது என்பதை உறுதி செய்துள்ளன. இரவெல்லாம் படித்துவிட்டு உறங்காமல் தேர்வுக்குச் செல்பவன், நாள் முழுதும் நெல் அறுத்துக் களத்திலேயே விட்டுவிட்டு வந்த உழவனைப் போன்றவன். வீட்டுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதை மறுநாள்தான் அறிவான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் விடிய விடியப் படித்து முன்னுக்கு வரவில்லையா?" என்பர் மூத்தோர். அவர்தம் உழைப்பை வணங்குகிறேன், வாதத்தை ஏற்கவில்லை. பழைய தோட்ட வாழ்க்கையை நினைவுகூருங்கள். விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டிய பெற்றோர் இரவில் விரைந்து படுத்தனர், லயமே அடங்கியது. பல தோட்டங்களில் மின்னாக்கியே இரவில் குறித்த நேரத்தில் நிறுத்தப்பட்டது. பெரும்பாலான பிள்ளைகள் அன்று உறங்கினர் என்பதே உண்மை. விடிய விடியப் படித்து வென்ற ஒருவரை நாம் மேடையில் காண்கிறோம். அவ்வாறே படித்து வீழ்ந்த ஒன்பது பேரை எந்த மேடையும் ஏற்றுவதில்லை. வென்றவரை மட்டும் எண்ணுவது கணக்காகாது.

உறக்கத்தை விரட்டத் தேநீரும் காப்பியும் ஊக்கப் பானமும் கொடுப்போர் உளர். மாலையில் அருந்திய காப்பிச் சத்தில் ஏறத்தாழப் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் தங்கியிருக்கும். பிள்ளை படுக்கையில் புரள்வது படிப்பின் கவலையால் மட்டுமன்று. கைப்பேசியும் உறக்கத்தைக் கொல்லும் கருவிதான். இரவு ஒன்பதரைக்குமேல் அதனைப் பெற்றோர் வாங்கி வைத்தல் வேண்டும். தாமும் வைத்தல் வேண்டும். தந்தை கூடத்தில் படம் பார்த்துக்கொண்டே மகனைப் பார்த்துப் "படி" என்பது ஆணையாகுமேயன்றி அறிவுரை ஆகாது.

வெறும் வயிறு படிக்காது

இரண்டாவது விதி உணவு. ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு பசியுள்ள உறுப்புக்குத் தேர்வு நாள் காலையில் நாம் கொடுப்பது என்ன? பதற்றத்தில் அரை குவளை மைலோ. சிலருக்கு அதுவும் இல்லை. ஓய்வுவேளை வரும்போது ஒரு பொட்டலம் வறுத்த நொறுக்குத்தீனியும் வண்ணச் சர்க்கரைத் தண்ணீரும். பத்து மணிக்குப் பிள்ளை மேசையில் தலைசாய்த்தால் "சோம்பேறி" என்கிறோம். அது சோம்பல் அன்று, பட்டினி.

பட்டினியோடு பாடம் நடத்த முடியாது என்பதைத் தமிழ் மண் நூறாண்டுக்கு முன்பே உணர்ந்தது. 1920இல் சர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் மாணவர்க்கு உணவு வழங்கத் தொடங்கியது. காமராசர் அதனை மாநிலம் முழுதும் பரவச் செய்தார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடக்கப்பள்ளி மாணவர்க்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, குழந்தையின் வயிற்றை நிரப்பாமல் தலையை நிரப்ப இயலாது என்னும் அறிவு மட்டும் மாறவில்லை. நம் நாட்டிலும் வறிய மாணவர்க்கான கூடுதல் உணவுத் திட்டம் பள்ளிகளில் உண்டு. அதில் சேரத் தகுதியிருந்தும் "ஏழை என்று பெயர் வருமே" எனக் கூசி விலகும் பெற்றோரிடம் நான் சொல்வது ஒன்றே: பசித்த பிள்ளைக்கு மானம் சோறு போடாது.

ஆடம்பர உணவு வேண்டியதில்லை. இட்லியும் சாம்பாரும், அவித்த முட்டையும் ரொட்டியும், வாழைப்பழம் ஒன்று, நீர் ஒரு புட்டி போதும். வளரும் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச் சத்துக் குறைந்து சோர்வு மிகுவது வழக்கம். கொல்லையிலுள்ள முருங்கைக்கீரையை வாரத்தில் இருமுறை சமைப்பது, விளம்பரப் புட்டி வாங்குவதினும் மேல். முன்பு உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணச் சொல்லும் வள்ளுவர், அதனை 'மருந்து' என்னும் அதிகாரத்தில்தான் வைத்தார் என்பதைத் தமிழாசிரியர்க்கு நினைவூட்டத் தேவையில்லை. தேர்வு நாளன்று மட்டும் புதிய உணவைக் கொடுத்து வயிற்றைச் சோதித்தல் வேண்டா.

உடற்பயிற்சியைப் பற்றி ஒரு சொல். தேர்வு நெருங்கியதும் பள்ளிகளில் முதலில் பலியாவது உடற்கல்விப் பாடவேளை. கணிதம் அதனை விழுங்குகிறது; அறிவியல் மிச்சத்தை விழுங்குகிறது. நாள்தோறும் அரைமணி நேரம் ஓடி ஆடும் பிள்ளைக்குப் பசியும் வரும், உறக்கமும் வரும், மனமும் தெளியும். அதனைப் பறிப்பது தலைமையாசிரியர்களாகிய எம் போன்றோர் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கும் அநீதி. அதை நிறுத்தும் அதிகாரமும் எம் கையிலேயே உள்ளது.

கிளியை வளர்த்தல் கல்வியாகாது

மூன்றாவது விதி மனத்தைப் பற்றியது. "படித்தேன், மறந்துவிட்டேன்" என்பது மாணவர் புலம்பல். மறதி இழுக்கன்று, இயற்கை. எபிங்ஹாஸ் என்னும் செருமானிய அறிஞர் தம்மையே ஆய்வுப் பொருளாக்கி 1885இல் வெளியிட்ட நூலில், கற்றவை தொடக்கத்தில் மிக விரைவாகவும் பின்னர் மெல்ல மெல்லவும் மறையும் என்பதைக் காட்டினார். ஆதலால் ஒரே இரவில் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட ஐந்து நாளில் நாளுக்கு ஒரு மணி நேரம் படிப்பதே நிலைக்கும்.

எப்படிப் படிப்பது? நம் மாணவர் பெரும்பாலோர் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதையும், வரிகளுக்கு மஞ்சள் மை பூசுவதையுமே படிப்பு என்று கருதுகின்றனர். 2006இல் அமெரிக்க உளவியலார் ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இருவரும் ஒரு சோதனை செய்தனர். ஒரு குழு உரைநடைப் பகுதியை மீண்டும் படித்தது. மற்றொரு குழு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர் முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவரே முந்தினர். தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதன்று என்பதை நம் மாணவர் உணர்தல் வேண்டும்.

இதற்கு மேலைநாட்டு ஆய்வுதானா வேண்டும்? பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையை எவ்வளவு நுட்பமாக வகுத்தார்! ஆசிரியன் சொல்வதைச் செவ்வையாகக் கேட்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையில் கால் பங்கே. உடன் பயில்வாரோடு கலந்து பயில்வதால் மற்றொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. இந்தக் கணக்கை மாணவர்க்கு நடத்திய நாமே அதன்படி வகுப்பறையை நடத்தினோமா? முதற் கால் பங்கையே முழுப் பாடவேளைக்கும் நீட்டினோம். மாலையில் டியூஷன் என்ற பெயரில் அதே கால் பங்கை மீண்டும் காசு கொடுத்து வாங்கினோம். நண்பர் இருவர் அமர்ந்து ஒருவர்க்கொருவர் பாடம் சொல்லிக் கொடுக்கும் முக்கால் பங்கை "அரட்டை" என்று விரட்டினோம்.

அதே பாயிரத்தில் மாணாக்கரைத் தரம் பிரிக்கையில் அன்னத்தையும் ஆவையும் முதல் தரத்தில் வைத்த பவணந்தியார், சொன்னதைச் சொல்லும் கிளியை இடைத் தரத்தில்தான் வைத்தார். மாதிரிக் கட்டுரைகளை நெட்டுருப் போட வைத்து, எத்தலைப்பு வந்தாலும் அதே முன்னுரையை எழுதப் பழக்கும் நாம் நூற்றுக்கணக்கான கிளிகளை உருவாக்கிவிட்டு அன்னம் எங்கே என்று தேடுகிறோம்.

கண்ணீர் முகாம்கள்

இனி, பலர் மனம் வருந்தினும் சொல்லியாக வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். தன்முனைப்பு முகாம் என்னும் பெயரால் நடப்பவற்றுள் பல, பிள்ளைகளின் மனத்தை ஆயத்தம் செய்வன அல்ல, அலைக்கழிப்பன. ஈப்போ வட்டாரத்தில் நான் கண்ட முகாம் ஒன்றில் விளக்குகள் அணைக்கப்பட்டன. சோக இசை ஒலித்தது. "உன் தாய் பால்மரம் வெட்டிய கையைப் பார், அந்தத் தாய் நாளை இல்லாமற் போனால்?" என்று பேச்சாளர் ஒலிபெருக்கியில் உருகினார். பதினொரு வயதுப் பிள்ளைகள் விம்மி விம்மி அழுதனர். அழுகையைப் படம் பிடித்தனர். பின்னர் பாத பூசை, பின்னர் பொட்டலச் சோறு, பின்னர் கலைந்தனர். மறுநாள் காலையில் அப்பிள்ளைகளுக்குப் பின்னம் தெரிந்துவிட்டதா? கட்டுரை எழுத வந்துவிட்டதா?

பெற்றோரை வணங்குவதை நான் பழிக்கவில்லை, பூசையையும் பழிக்கவில்லை. அவை அன்பின் வெளிப்பாடாக அமையட்டும். ஆனால் பெற்றோரின் துயரத்தைக் கல்லாக்கிக் குழந்தையின் கழுத்தில் கட்டுவது அன்பன்று. 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கிய ஆய்வை ஆசிரியர் பயிற்சியில் நாம் அனைவரும் படித்தோம். எளிய பணியை வலிய அதிர்ச்சி விரைவில் கற்பித்தது. கடினமான பணியிலோ அதிர்ச்சி அளவு கடந்தபோது கற்றல் கெட்டது. எஸ்.பி.எம். வினாத்தாள் எளிய பணியா, கடினமான பணியா? அளவான விழிப்பு வேண்டும், அதிர்ச்சி வேண்டா. எலிக்குப் பொருந்தாத முறையைக் குழந்தைக்குப் பொருத்த நாம் துணியலாமா?

அச்சம் மாணவரை மட்டுமன்று, மொழியையும் வருத்துகிறது. 2009இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாக வரையறுக்க அரசு முனைந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் விடுபடுமே என்று நம் இயக்கங்கள் கொதித்தெழுந்தன. மேலும் இரு பாடங்களுக்கு இடம் கிடைத்தது. அவ்வாறு பெற்ற இடத்தை இன்று நம்மவர் சிலரே காலியாக விடுகின்றனர். "தமிழ் எடுத்தால் ஓர் ஏ குறையும்" என்று பிள்ளைக்கு ஓதுவோர், மொழியை ஓர் எழுத்துக்கு விற்கின்றனர். தாய்மொழியைக் கண்டே அஞ்சக் கற்றுக்கொண்ட மனம் வேறெந்தத் தாளின் முன் நிமிர்ந்து அமரும்?

இந்த அச்சத்தை வளரவிட்டால் எங்கே முடியும் என்பதற்கு இந்தியாவின் கோட்டா நகரம் எச்சரிக்கை. மருத்துவ, பொறியியல் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பேர் பெற்ற அந்நகரில் மாணவர் தற்கொலைகள் பெருகின. 2023இல் அங்குள்ள மாவட்ட நிருவாகம் விடுதி அறைகளின் மின்விசிறிகளில் சுருள்வில் பொருத்த ஆணையிட்டது. உயிர் காக்கும் எம்முயற்சியும் நன்றே. ஆயினும் பிள்ளையின் பாரத்தை இறக்காமல் விசிறியை மாற்றும் நிலைக்கு ஒரு சமுதாயம் வந்துவிட்டால் அதன் கல்வி எங்கோ வழி தவறிவிட்டது என்பது பொருள். லகாட்டுக்கும் கோட்டாவுக்கும் தொலைவு மிகுதிதான். நம் வீட்டுக் கூடத்தில் "நீ தேறாவிட்டால் என் முகத்தில் விழிக்காதே" என்னும் சொல் எழும்போது அத்தொலைவு சுருங்கிவிடுகிறது. உண்ணாமல், உறங்காமல், பேசாமல் ஒதுங்கும் பிள்ளையைக் கண்டால் உடனே அருகில் அமருங்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரையும் மருத்துவரையும் நாடத் தயங்காதீர்கள்.

செய்ய வேண்டுவன

குறை கூறி ஒதுங்குவது ஆசிரியர்க்கு அழகன்று. செய்ய வேண்டுவனவற்றையும் சொல்வேன்.

மெங்லெம்பு, லகாட் வட்டாரத் தொழிற்சாலைகளில் முறைவேலை செய்யும் பெற்றோரின் வீடுகளை நான் அறிவேன். இரு அறை; அதில் ஏழு பேர்; ஒரு தொலைக்காட்சி. அங்கே "அமைதியாகப் படி" என்பது கேலிச்சொல். ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலய நிருவாகங்களும் முகாமுக்குச் செலவிடும் பணத்தைக் கொண்டு ஒரு மண்டபத்தை வாரத்தில் நான்கு மாலை, ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை படிப்பகமாகத் திறக்கட்டும். மேசை, விளக்கு, குடிநீர், மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இவை போதும். பேச்சாளர் ஒருவர்க்கு ஒரு நாளில் தரும் தொகையில் பல வாரங்களுக்கு அங்கு விளக்கு எரியும்.

பள்ளிகள் உடற்கல்விப் பாடவேளையைத் தேர்வுக்காகப் பறிக்காதிருக்கட்டும். ஒரே இரவில் நான்கு பாடங்களுக்கு வீட்டுப்பாடம் குவியாதவாறு ஆசிரியர்கள் கலந்து பேசட்டும். திங்களுக்கு ஒருமுறையாவது மாணவர் கடிகாரத்தின் முன் அமர்ந்து முழுத் தாளையும் கையால் எழுதிப் பழகட்டும். பழகிய களத்தில் அச்சம் குறையும்.

பெற்றோரே! பிள்ளையை அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர். பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள். தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை ஏ வரும்?" என்று கேட்குமுன் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். எந்த முகாமும் தராத ஊக்கத்தை அந்த ஒரு சொல் தரும்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் கடமை உண்டு. உறங்கு என்று நான் சொல்வது, படிக்காதே என்பதன்று. ஆண்டின் தொடக்கத்திலேயே அட்டவணை வகுத்துக்கொள்ளுங்கள். படித்ததைப் புத்தகத்தை மூடி எழுதிப் பாருங்கள். நண்பனுக்குச் சொல்லிக் கொடுங்கள். தேர்வுக்கு முதல் நாள் புதிய பாடத்தைத் தொடாதீர். தூவலையும் அடையாள அட்டையையும் எடுத்து வைத்துவிட்டு நேரத்தோடு உறங்குங்கள். மண்டபத்தில் தாளைப் பெற்றதும் மெல்ல நான்கைந்து முறை மூச்சை இழுத்து விடுங்கள். முழுத் தாளையும் ஒருமுறை படியுங்கள். அறிந்ததை முதலில் எழுதுங்கள். முடித்து வெளியே வந்தபின் விடையை ஒப்பிட்டு வருந்தாதீர். அடுத்த தாள் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

நம் முன்னோர் தோட்டத்தில் நட்ட இரப்பர்க் கன்று பால் தர ஐந்தாறு ஆண்டு பிடித்தது. அதுவரை எவரும் அதன்மேல் கத்தி வைக்கவில்லை. பட்டையின் ஆழம் அறியாமல் வெட்டினால் மரம் காயம்பட்டுப் பால் வற்றும் என்பதைப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத தொழிலாளியும் அறிந்திருந்தான். அவன் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் நாம் பட்டமும் பயிற்சியும் பெற்றவர்கள். மரத்துக்கு அவன் காட்டிய பொறுமையையேனும் பிள்ளைக்குக் காட்டுவோம்.